சாம்பியனுக்கு வைத்த முட்டை

பிப்ரவரி 20, வெள்ளி

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். விளக்குப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். யாராவது வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும். நோட்டை முட்டைக்கோசுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். இரண்டையும் ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டேன்.

என் பெயர் டோர்கஸ். ஒன்பதாம் வகுப்பு. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பல்லி, கணக்கு மிஸ், ஜெபக் கூட்டத்தில் திடீரென்று என்னை ஜெபிக்கச் சொல்வது, மோட்டார் போடும் சத்தம். எங்கள் வீட்டில் பயமே இல்லாத ஒருத்தி இருப்பதால் என் பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் என் அக்கா பியூலா. கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். நாற்பத்தெட்டு கிலோ எடைப் பிரிவில் மாநிலக் குத்துச்சண்டை சாம்பியன்.

இன்று சாயங்காலம் அவளுடைய மாஸ்டர் இசக்கிராஜ் வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடியில் பெண்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ஒரே கிளப் அவருடையது. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நாப்பத்தெட்டுல நம்ம பிள்ளை எல்லாரையும் அடிச்சு முடிச்சுட்டா. இனி அங்க அடிக்க ஆளே கெடையாது."

"இருந்தாச் சொல்லுங்க மாஸ்டர், அடிச்சிருவா" என்றார் அப்பா.

"அதான் மேல ஏத்துவோம்ங்கேன். அம்பத்துநாலு கிலோ. அடுத்த மாசம் முத்துநகர் கோப்பை வருதுல்லா, அதுல எறக்குவோம். ரெண்டு எடையில பட்டம் வாங்குன பொம்பளப்பிள்ளை இந்த ஜில்லாவுலயே கெடையாது."

ஐம்பத்துநாலில் இறங்க வேண்டுமென்றால் உடம்பு ஐம்பத்தொன்றைத் தாண்டியிருக்க வேண்டும், ஐம்பத்துநாலைத் தாண்டக் கூடாது. அக்கா நாற்பத்தேழரை. எனவே தினமும் ஆறு முட்டை, நெய் தோசை, வாழைப்பழம், கடலை என்று மாஸ்டர் ஒப்பித்தார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "இது லெந்து நாளு. ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல முட்டை, கறி ஒண்ணும் அடுப்புல ஏறாது."

அப்பா உடனே போதகரையாவுக்குப் போன் போட்டார். அக்காவுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. கோப்பையோடு சபையில் வந்து, கர்த்தர் ஜெயம் தந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்று ஐயா கேட்டுக்கொண்டாராம்.

"அப்போ நாப்பத்தெட்டுல யாரு?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா" என்றார் மாஸ்டர்.

கோப்பையைக் கொடுப்பவர் உப்புக் கம்பெனி முதலாளி. அவருடைய பேத்தி போன மாதம்தான் கிளப்பில் சேர்ந்தாள். அவள் எடை நாற்பத்தேழு. இதெல்லாம் ஒரே நேரத்தில் நடந்திருப்பது தற்செயல்.

அக்கா மாஸ்டரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிங்கம் பேசாது" என்று அப்பா அவள் முதுகில் தட்டினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாங்கள் லெந்தில் இருப்பதால் அக்காவின் சாப்பாடு எங்கள் கண்ணில் படக் கூடாது என்று அம்மா முடிவு செய்தாள். அக்கா சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட வேண்டும். முட்டை உரித்துக் கொடுக்க மட்டும் நான் உள்ளே போகலாம். என் கண் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆறு முட்டை உரித்தேன். அக்கா தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"தின்னு."

"லெந்துக்கா."

"ஏட்டி, தின்னுங்கேன். எனக்கு வயிறு சரியில்ல."

"அம்மாட்ட சொல்லுவோமா?"

"சொல்லு. முட்டைக்கோசுக்கு அடியில என்ன நோட்டு இருக்குன்னு நான் அப்பாட்ட சொல்லுதேன்."

எழுத ஆரம்பித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பயத்தில்தான் தின்றேன். ஆறையும் பயத்தில்தான் தின்றேன். நாலாவதுக்கு மட்டும் கொஞ்சம் மிளகுத்தூள் தேவைப்பட்டது.

அக்காவுக்கு வயிறு சரியில்லாமல் போனது ஜனவரியில் மதுரை முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து. அங்கே குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வரும்போது உதடும் வீங்கியிருந்தது, இரண்டு காதும் வீங்கியிருந்தன. ஒரே குளியலறையில் மூன்று பக்கமாக விழ சாம்பியனால்தான் முடியும்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆறு முட்டை, நெய் தோசை மூன்று. கர்த்தாவே, இது பசியினால் அல்ல.

மார்ச் 1, ஞாயிறு

அப்பா புறவழிச்சாலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறார். உப்பு லாரிகள் காலியாக ஒரு முறையும் பாரத்தோடு ஒரு முறையும் அந்த இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். அப்பா கண்ணாடி அறைக்குள் இருந்து சீட்டு அடித்துக் கொடுப்பார். லாரியை நிறுக்கிறவருக்கு மனிதர்களை நிறுப்பது சாதாரணம் என்பது அவர் எண்ணம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவர் பெயரைக் கேட்க மாட்டார். "எழுவது இருப்பான்" என்பார்.

கிளப்பில் ஒரு எடைக் கருவி இருந்தது. பையன்கள் ஏறிக் குதித்து அதன் முள் நாற்பதில் நின்றுவிட்டது. புதிது வாங்கலாமா என்று மாஸ்டர் கேட்டதும் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அறுவது டன் தராசு என் கையில இருக்கு. நீங்க பாத்ரூம்ல போடுத தட்டைப் பத்திப் பேசுதிய."

"எடை விசயத்துல உங்களுக்கு நான் சொல்ல முடியுமா அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். செலவு மிச்சம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஆகவே இன்று ஆராதனை முடிந்து நேரே எடைமேடைக்குப் போனோம். பன்னிரண்டு சக்கர லாரி நிற்கிற இடத்தில் அக்கா கோயிலுக்குப் போட்ட பாவாடை தாவணியோடு, வெறுங்காலோடு தன்னந்தனியாக நின்றாள். இரும்பு கொதித்ததால் காலை மாற்றி மாற்றி வைத்தாள். அப்பா மைக்கில் கத்தினார்: "அசையாத ஏளா! லாரி அசையுதா?" வரிசையில் நின்ற டிரைவர்கள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார்கள்.

சீட்டு வந்தது. வாகன எண் என்ற இடத்தில் பியூலா. எடை ஐம்பது.

"அம்பது! ஒரு வாரத்துல ரெண்டரைக் கிலோ ஏறிருக்கு!" அப்பா சீட்டை எல்லா டிரைவர்களிடமும் காட்டினார்.

எங்கள் சயின்ஸ் மிஸ் மீச்சிற்றளவு என்று ஒரு பாடம் நடத்தினார்கள். ஒரு கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. ஸ்கேலுக்கு ஒரு மில்லிமீட்டர். அப்பாவின் எடைமேடைக்குப் பத்துக் கிலோ. அங்கே மனிதர்கள் நாற்பது, ஐம்பது, அறுபது என்றுதான் இருக்க முடியும். நாற்பத்தேழும் ஐம்பதுதான், ஐம்பத்துமூன்றும் ஐம்பதுதான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்னட்டி?" என்றார் அப்பா.

"வெயிலா இருக்குப்பா."

பிறகு என்னையும் ஏறச் சொன்னார். நானும் ஐம்பது. "நீ எப்பவும் அம்பதுதான்" என்று சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

போட்டிக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் வெற்றி ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டது. மொத்தமாக அடித்தால் மலிவாம். பைபாஸ் முக்கில் கட்டியிருக்கிறார்கள். 'இரு எடை ராணி! முத்துநகரின் முரட்டுப் புயல்!' பின்னால் ஒரு புலி. முன்னால் அக்கா இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்கிறாள். கையுறைக்கு மேலே கொஞ்சம் நெற்றியும் கீழே கொஞ்சம் தாடையும் தெரிகின்றன. புலியின் முகம்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதே ஃப்ளெக்ஸின் மூலையில் எதிராளியின் படமும் இருக்கிறது. நாகர்கோவில் ரெக்ஸ்லின். ஐம்பத்துநாலில் இப்போதைய சாம்பியன். ஸ்டாம்பு அளவுதான். அந்த அளவிலும் அவள் கழுத்து என் தொடை மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் அந்த முக்கைத் தாண்டும்போது அக்கா கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். காலையில் போகும்போதும் செய்தாள். அந்த முக்கில் மட்டும்தான் அவிழ்கிறது.

மார்ச் 9, திங்கள்

நான் கிளப்புக்குப் போவது அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் பிடிக்க. அவள் குத்துவதற்குப் பஞ்சு மட்டை பிடிப்பேன், கண்ணை மூடிக்கொண்டு. இன்று மாஸ்டர் புதிதாக ஒன்று சொன்னார்.

"டோர்கஸ், க்ளவுஸ் போடு. பயலுவளுக்குப் பரீட்சை. கனமா ஆளு வேணும். நீ இப்போ கொஞ்சம் பாக்கத் தெம்பாத்தான இருக்கே."

"எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர்."

"நீ அடிக்கவே வேண்டாம். கைய நீட்டிக்கிட்டு நில்லு. அவ அடிப்பா."

கையை நீட்டினேன். மாஸ்டர் விசில் ஊதியதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதனால் இடது கை கொஞ்சம் அதிகமாக நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வழுக்கிருச்சா பியூலா?"

"ஆமா மாஸ்டர்."

தரை காய்ந்துதான் இருந்தது. நான் அக்காவிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். இது முழுக்க விசிலின் தவறு. ஆனால் பஸ்ஸில் வரும்போது கையில் அந்தக் குத்தின் சத்தம் இருந்துகொண்டே இருந்தது. அது தப்பாகத் தோன்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

போட்டிப் படிவத்தில் அக்காவின் பெயருக்குக் கீழே ரிசர்வ் என்று என் பெயரை மாஸ்டர் எழுதினார். அந்த இடத்தைச் சும்மா விட்டால் வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் சரியாம். எழுதும்போது அவரே சிரித்துவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

யூனிஃபார்ம் கை இறுகிவிட்டது. ஊக்கு போட்டுப் போனேன். சோப்புத்தூள்தான் துணியைச் சுருக்குகிறது என்று அம்மா வேறு சோப்புத்தூள் வாங்கிவிட்டாள். பால் ஏன் தினமும் திரிகிறது என்றும் புலம்பினாள். ஃப்ரிட்ஜ் குளிர மாட்டேன் என்கிறதாம். மெக்கானிக்கைக் கூப்பிடப் போகிறார்கள். சீக்கிரமாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

அறுபது!

எடைமேடையில் அக்கா தோள் பையை இறக்கவில்லை. உள்ளே கையுறை, ஷூ, கயிறு, கல்லூரிப் புத்தகம், இரண்டு பாட்டில் தண்ணீர். அப்பா கண்ணாடி அறைக்குள் இருந்து சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பதினஞ்சு நாள்ல பத்துக் கிலோ! முட்டையில சத்து இருக்குன்னு சும்மாவா சொல்லுதான்!" டிரைவர்களுக்கெல்லாம் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

மாஸ்டர் வந்து சீட்டைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. "அண்ணாச்சி, அம்பத்துநாலைத் தாண்டிருச்சே. எறக்கணும்லா!"

முட்டையை உடனே நிறுத்திவிட்டார்கள். வெள்ளரிக்காய் மட்டும். அக்கா வெள்ளரிக்காயை நிம்மதியாகத் தின்றாள். பையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு எதிரே முட்டைத் தட்டு இருக்கிறது. எனக்குப் பசியில்லை. பசியில்லை என்று எழுதிவைத்தால் பசிக்காது.

மார்ச் 17, செவ்வாய்

பசியில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பை இல்லாமல் நின்றாள். ஐம்பது.

"பத்துக் கிலோ எங்கட்டி போச்சு?" அப்பா எடைமேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளரிக்காய்க்கு இவ்வளவு வேகமா என்று அவருக்கே பயமாகிவிட்டது. போட்டிக்கு இன்னும் ஆறு நாள். ராத்திரியே முட்டை பத்தாகிவிட்டது.

உரிக்கும்போது அக்காவிடம் ஒரு விஷயம் சொன்னேன். மாஸ்டர் போனில் பேசியதைக் கிளப்பில் கேட்டிருந்தேன். முதலாளி பேத்தியின் பெயரை நாற்பத்தெட்டில் எழுதிவிட்டார்கள். அக்காவுக்கு அங்கே இனி இடமில்லை. அவள் இடிந்துபோவாள் என்று பயந்து பயந்துதான் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் முட்டை ஓட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எடை வரலேன்னா நான் எதுலயும் ஏற வேண்டாம், அப்டித்தான?"

"ஆமாக்கா."

"நல்லதாப் போச்சு."

ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பிறகு தானாகவே சொன்னாள்: "தாடையில அடி விழுந்தா மொதல்ல வலிக்காதுட்டி. மொதல்ல சத்தந்தான் கேக்கும், ஓடு ஒடையுத மாதிரி. அதுக்கப்புறம் யாரு மூஞ்சியும் தெரியாது." சொல்லிவிட்டுப் பத்து முட்டையையும் என் பக்கம் தள்ளினாள்.

இந்த வாரம் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். எடை வராவிட்டால் எல்லோர் முன்னாலும் அவளை அடிப்பார். எடை வந்துவிட்டால் ரெக்ஸ்லின் அடிப்பாள். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது.

மார்ச் 25, புதன்

சொல்லவில்லை. பத்து முட்டை.

மார்ச் 28, சனி, மதியம்

முதன்முறையாகப் பகலில் எழுதுகிறேன். போட்டி நடக்கும் பள்ளிக்கூடத்தின் கழிப்பறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. இங்கே பல்லி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் எடை பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் ஒரு எலக்ட்ரானிக் தராசு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, எடைமேடைச் சீட்டுகளை எல்லாம் ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கண்ணாடி போட்டிருந்த சார் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது? ஓட்டுநர் கையொப்பம்னு போட்டிருக்கு?"

"அரசாங்க முத்திரை உள்ள தராசு சார். பாத்துட்டு ஏத்துங்க."

அக்கா ஏறினாள். நாற்பத்தேழு புள்ளி ஆறு.

ஐந்து வாரம், அத்தனை முட்டை, போதகரையாவின் விலக்கு, எல்லாம் சேர்த்து நூறு கிராம்.

"மெஷின் தப்பு" என்றார் அப்பா. கண்ணாடி சார் தானே ஏறிக் காட்டினார். அவர் எடை சரியாக வந்தது போலிருக்கிறது, கொஞ்சம் வருத்தத்தோடு இறங்கினார். மாஸ்டர் அக்காவின் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். "குடி, குடி." மூன்றரைக் கிலோ தண்ணீரை யார் குடிக்க முடியும்? அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் ரெக்ஸ்லின் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஃப்ளெக்ஸில் கழுத்தைச் சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "வச்ச முட்டையெல்லாம் எங்கட்டி? சாக்கடையிலயா போட்ட? ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கேன் ஏளா!" கையை ஓங்கிவிட்டார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா, மாநில சாம்பியன், இரண்டு கையையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். ஃப்ளெக்ஸில் இருப்பது மாதிரியே.

நான் தராசில் ஏறினேன்.

தைரியத்தில் ஏறவில்லை. அப்பா கை ஓங்கினால் எனக்குப் பயம். எங்காவது போய் நிற்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் அதுதான் இருந்தது.

ஐம்பத்திரண்டு புள்ளி நாலு.

அப்பாவின் கை அப்படியே மேலே நின்றது. பூஜ்யத்தில் முடியாத ஒரு எடையை அவர் ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறார். கூட வந்திருந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்போ நான் எதுக்குட்டி சோப்பை மாத்துனேன்?"

"இது யாரு?" என்றார் கண்ணாடி சார்.

"ரிசர்வ் சார்" என்றார் மாஸ்டர். முதலிலிருந்தே இதுதான் திட்டம் என்பது போலச் சொன்னார். "படிவத்துல இருக்கு பாருங்க. ரகசியமா வளத்த பிள்ளை."

"மாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. அப்பா ஏற்கெனவே என் முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஃப்ளெக்ஸில் பெயரை மட்டும் தாள் ஒட்டி மாற்றிவிடலாம், முகம்தான் தெரியவில்லையே என்று மாஸ்டர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் சண்டை மாலை ஆறு மணிக்கு. கதவைத் தட்டுகிறார்கள்.

அக்காதான். "ஏட்டி, வெளிய வா. நீ ஏற வேண்டாம். நான் போய்ச் சொல்லுதேன், எம்மேலதான் தப்புன்னு" என்கிறாள். அழுகிறாள்.

நான் இன்னும் திறக்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். திறந்து, அவள் சொன்னபடி செய்தால் நான் வீட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு ராத்திரி என்ன நடக்கும் என்று தெரியும். தவிர, அந்த இடது கைச் சத்தம் நிஜமாகவே விசிலால்தான் வந்ததா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

விளக்கைப் போட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு கண் திறக்கவில்லை, ஃப்ரிட்ஜ் வெளிச்சம் போதவில்லை. அப்பா எழுந்து பார்த்தார். "தூங்கு மக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனை நாள் பால் திரிந்ததுதான் மிச்சம்.

நேற்று நான் தோற்றுவிட்டேன். முதலில் அதை எழுதிவிட வேண்டும்.

முதல் ரவுண்டு முழுக்க அடி வாங்கினேன். அக்கா சொன்னது சரி, முதலில் சத்தம்தான் கேட்கும். ஆனால் மூஞ்சி தெரியாது என்றாளே, அது தப்பு. எனக்கு ரெக்ஸ்லின் நன்றாகத் தெரிந்தாள். மேலுதட்டில் மரு இருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்தது. இத்தனை வருடமாக நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. பல்லி மேலே விழுந்தால் இதைவிட மோசம்.

ஓய்வில் மூலையில் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் "புயலு! புயலு!" என்று கத்தினார். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அக்கா என் வாயில் தண்ணீர் ஊற்றினாள். பாட்டில் பல்லில் இடித்தது. காதோடு சொன்னாள்: "வலது கைய விடுததுக்கு முன்னாடி இடது தோள எறக்குவா. எறக்குன ஒடனே நீ குத்து. நிக்காத. நான் நின்னுட்டேன்."

இரண்டாவது ரவுண்டில் தோளைப் பார்த்தேன். இறக்கினாள். குத்தினேன். விசில் இல்லை, கண்ணும் திறந்திருந்தது. ரெக்ஸ்லின் உட்காரவில்லை, ஆனால் கயிறு வரைக்கும் போனாள். கூட்டத்தில் அப்பா "அம்பத்திரெண்டு புள்ளி நாலு!" என்று கத்தியது கேட்டது. என் பெயர் அவருக்கு அவசரத்தில் வரவில்லை.

மூன்றாவதில் இரண்டு பேரும் மாறி மாறி வாங்கினோம். நடுவர்களில் இரண்டு பேர் எனக்கு, மூன்று பேர் அவளுக்கு.

இறங்கும்போது ரெக்ஸ்லின் என் கழுத்தில் கை போட்டாள். பாரம் தாங்கவில்லை.

"எவட்டி நீ? மதுரை கேம்ப்புல எங்கூட ஏறுனவ நீ இல்லியே. அவ ரெண்டாவது ரவுண்டுலயே அழுதுட்டால்லா, போதும் போதும்னு."

"எனக்குத் தெரியாது" என்றேன். "அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா."

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதியது கணக்கில் வராது.

முதலாளி பேத்தி நாற்பத்தெட்டில் முதல் ரவுண்டிலேயே தோற்றாள். அவளுக்கு ஆறுதலாக ஒரு தனிக் கோப்பை உடனே கிடைத்தது. இன்று காலை சபையில் போதகரையா என் கண்ணைப் பார்த்துவிட்டு, சாட்சியை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். மாஸ்டர் சாயங்காலம் வந்தார். இந்தத் தடவையும் செருப்பைக் கழற்றவில்லை. "அண்ணாச்சி, சின்னவள அம்பத்தேழுக்கு ஏத்துனா என்ன?" என்றார். அம்மா சோற்றுக் கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்தாள். அவர் பேச்சை மாற்றி, வெயிலைப் பற்றிச் சொன்னார். ஆனாலும் அடுத்த வாரம் திரும்ப வருவார். அப்பா இப்போதே என்னைப் பார்த்து மனதுக்குள் எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி அம்மா என் தட்டில் எட்டு முட்டை வைத்தாள். யாருக்கும் போன் போடவில்லை. "ஐயாகிட்டயும் கர்த்தர்கிட்டயும் நான் பேசிக்கிடுதேன். நீ தின்னு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அக்காவுக்குத் தண்ணீர்ச் சோறும் துவையலும். முட்டை உரிக்கும் வேலை இப்போது அவளுக்கு.

உரித்து வைத்துவிட்டு அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"ஏட்டி, ஒண்ணு தா."

"லெந்துக்கா."

"நோட்டு எங்க இருக்குன்னு அப்பாட்ட சொல்லிருவேன்."

"சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, உதடு வலித்தது. நாலு முட்டையை அவள் பக்கம் தள்ளினேன். அவள் இரண்டைத் தின்று முடிப்பதற்குள் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பசித்தது.